பதினான்கு சதவீதம்

வருடக் கடைசியில் ஒரு பட்டியல் போடுவேன்.
யாரும் கேட்பதில்லை.
எந்தக் கட்டடத்தில் எந்த ரோப் தேய்ந்திருக்கிறது
என்று எழுதிய சர்வீஸ் புக்கின்
கடைசிப் பக்கத்தில்
பத்து ஆல்பம்.

லிஃப்ட் மெக்கானிக்குக் காதுதான் முதல்.
பேரிங் போகப்போகிறதென்றால்
ஒரு மாதம் முன்பே முனகும்.
பாட்டுக்கும் அதே காது.
வேலை நேரத்தில் வலது காதில் மட்டும் இயர்போன்,
இடது கம்பெனிக்கு.
அதனால் ஒரு ஆல்பத்தின் வலப்பக்கக் கிடாரை மட்டும்
ஜனவரி பாதிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
இடப்பக்கம் இன்னொருத்தி
அதோடு சண்டை போடுவது
பொங்கல் லீவில்தான் தெரிந்தது.

மயிலாப்பூரில் சபா வாசல்களில் கார் நிற்க இடமில்லை.
நான் துரைப்பாக்கத்தில்
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
லிஃப்ட் பெட்டியின் கூரையில் குந்தியிருக்கிறேன்,
கிரீஸ் விரலோடு.
அங்கே சிக்னல் கிடையாது.
எல்லாம் முந்தின ராத்திரியே இறக்கி வைத்தது.

ஷில்லாங் ஆட்கள் நாலு பேர்.
வார்த்தை ஒன்றும் புரியவில்லை,
மழையைப் பற்றி என்று தோன்றுகிறது,
அதுவும் என் தப்பாக இருக்கலாம்.

வடக்கே ஏதோ பனி நாட்டுப் பெண்,
பெயரை எனக்கு உச்சரிக்க வராது.
இரண்டாவது பாட்டு முடியும் இடத்தில்
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள்.
அதை வெட்டாமல் விட்டிருக்கிறாள்.
அந்த நாற்காலிக்காகவே
நவம்பர்வரை அவள்தான் ஒன்று.

ஏழு வருஷம் கழித்து வந்தார்களே, அந்தப் பெரிய பேண்ட்,
எட்டு முறை கேட்டேன், மரியாதைக்கு.
பட்டியலில் இல்லை.
புரசைவாக்கம் டெரன்ஸ் இதற்காக
மூன்று நாள் போனை எடுக்கவில்லை.

ஆறாவது,
உப்புக்காகிதம் என்று பெரம்பூர்ப் பையன்கள்.
ஆல்பத்தின் பெயர் ஷண்டிங்.
டிரம்மர் ஒவ்வொரு அடியிலும் மயிரிழை தாமதம்,
ஓடிவந்து பஸ் கம்பியைப் பிடிப்பவன் மாதிரி.
பிடித்துவிடுகிறான்.
ஆனால் ரெக்கார்டிங் மட்டம்,
குரல் டிரம்முக்குள் பாதி முங்கிக் கிடக்கும்.
ஆறு போதும் என்றிருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் புயல்.
பள்ளிக்கரணையில் ஒரு அபார்ட்மெண்ட்,
ஜெனரேட்டர் பேஸ்மெண்ட் தண்ணீரில்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே லிஃப்ட்,
உள்ளே ஒரு பெண்.
பிரேக்கை விடுவிக்க ரெண்டு ஆள் வேண்டும்.
குணாளன் மேடவாக்கத்திலிருந்து
இடுப்பளவு தண்ணீரில் வந்துகொண்டிருக்கிறான்.

சாவி போட்டுக் கதவை
ஒரு சாண் திறந்தேன்.
என் போனில் பதினான்கு சதவீதம்.
டார்ச் அடித்தால் சீக்கிரம் போய்விடும்.
‘ஏதாவது பேசுங்க’ என்றது இருட்டு.
எனக்குப் பேச வராது மேடம் என்று சொல்லக்கூட
வரவில்லை.

பத்து ஆல்பம் இருந்தது.
ஒன்றாவதுக்குப் போகவில்லை கை.
ஸ்பீக்கரில், வலமும் இடமும் ஒன்றாகி,
பெரம்பூர்ப் பையன்கள்
அந்த ஷாஃப்ட் முழுக்க
மேலே ஓவர்ஹெட் டேங்க்வரை இடித்தார்கள்.
முங்கிக் கிடந்த குரல் எழுந்து நின்றது.
இந்தக் குழிக்குள் வைத்துத்தான்
கேட்க வேண்டியதோ என்னவோ.

முதல் பாட்டு முடிந்ததும் உள்ளேயிருந்து,
‘ரொம்ப சத்தமா இருக்கு.’
நிறுத்தப் போனேன்.
‘நிறுத்தாதீங்க.’

வெளியே வந்து முதலில் செருப்பைத் தேடினார்.
பிறகு, யார் அவங்க என்றார்.
சொன்னேன்.
‘சாண்ட்பேப்பரா?’
ஆமாம் மேடம்.
மூன்று சதவீதம்.

சர்வீஸ் புக் நனைந்து ஊறிப்போய்
கடைசிப் பக்கத்தில் பேனா பிடிக்கவில்லை.
ஆறு, ஆறாகவே இருக்கிறது.
நடுப்பக்கம் கொஞ்சம் காய்ந்திருந்தது. அதில்:
நாலு – ஐந்து மாடி நடுவே நின்றது.
ஒரு நபர். காயம் இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்:
ஷண்டிங், ஒன்றரைத் தடவை.